நாடி இழந்த கைகள்: இளம் வயதுப் பக்கவாதமும் தகயாசு நோயின் வரலாறும்

முப்பது வயதைத் தொடாத ஒரு பெண்ணைக் கைகால் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். மருத்துவர் முதலில் இதயத்தைப் பார்ப்பார். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்டு, அங்கிருந்து ரத்தக்கட்டி கிளம்பியிருக்கலாம். பிள்ளை பெற்று சில வாரங்களே ஆகியிருந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று தேடுவார். கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்திருப்பதும், ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் குறைகளும் அடுத்து வரும். இந்த வரிசையின் கடைசியில், பல இடங்களில் வரிசையிலேயே இடம் பெறாமல், தமனிச் சுவர் அழற்சி நிற்கிறது. அந்த அழற்சி நோய்களுள் பெருந்தமனியையும் அதன் முதற்கிளைகளையும் தாக்குவது தகயாசு நோய்.

அரிதான நோய் என்பது உண்மை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் மாவட்டத்தை ஆராய்ந்து 1985இல் வெளிவந்த கணக்கு, பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 2.6 புதிய நோயாளிகள் என்றது. ஆசிய நாடுகளில் இது கூடுதல். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பதின்பருவத்திலிருந்து முப்பதுகளுக்குள் தொடங்கிவிடும். இவர்களில் பத்திலிருந்து இருபது விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் பக்கவாதத்தையோ, சில நிமிடங்களில் மறையும் தற்காலிகப் பக்கவாதத்தையோ சந்திக்கிறார்கள். நோய் அரிது என்பதாலேயே பக்கவாதம் வந்த பிறகுதான் பலருக்கும் நோயின் பெயரே தெரியவருகிறது. இந்நோய் கண்டறியப்பட்ட கதையை ஆண்டுவரிசையில் படித்தால் இந்தத் தாமதத்தின் வேர் புலப்படும். கண் மருத்துவர் கண்ணைப் பார்த்தார், அறுவை மருத்துவர் கையைப் பார்த்தார், நரம்பியல் மருத்துவர் மூளையைப் பார்த்தார். மூன்றையும் ஒரே உடலில் சேர்த்துப் பார்க்க நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நோய் ஏடேறிவிட்டது. 1830இல் ஜப்பானிய மருத்துவர் ரொகுஷூ யமமோட்டோ, 45 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதிவைத்தார். காய்ச்சலோடு வந்தவர் அவர். பின்னர் ஒரு கையில் நாடி அடங்கியது, மறு கையில் மெலிந்தது. பல ஆண்டுகள் கண்காணிப்பில் இருந்தவர் திடீரென இறந்துபோனார். ரத்த அழுத்தக் கருவி, எக்ஸ்ரே எதுவும் இல்லாத காலம். விரல் நுனி ஒன்றே கருவியாக இருந்த மருத்துவருக்கு நாடி இல்லாத கை மறக்கக்கூடியதாக இருந்திருக்க முடியாது.

1856இல் லண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் வில்லியம் சேவரி, 22 வயதுப் பெண் ஒருவரின் வரலாற்றை வெளியிட்டார். இரு கைகளின் முதன்மைத் தமனிகளும் கழுத்தின் இடப்பக்கத் தமனியும் முழுக்க அடைபட்டிருந்தன என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்ட கட்டுரை அது. இன்றைய மருத்துவ மாணவர் அந்தத் தலைப்பை மட்டும் படித்தாலே நோயைச் சொல்லிவிடுவார். சேவரிக்கு அது ஒற்றை விந்தையாகவே நின்றது. அடுத்த நோயாளியோடு பொருத்திப் பார்க்க ஏதுமில்லாத தனி வரலாறு எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டாலும் நோயாக உருப்பெறுவதில்லை.

திருப்பம் 1908இல் வந்தது. கனசாவா மருத்துவப் பள்ளியின் கண் மருத்துவப் பேராசிரியர் மிகிதோ தகயாசு, ஜப்பானியக் கண் மருத்துவச் சங்கத்தின் 12ஆம் ஆண்டுக் கூட்டத்தில், இருபது வயதைச் சற்றே கடந்த பெண் ஒருவரின் விழித்திரையை விவரித்தார். பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றி, சற்றுத் தள்ளி, தமனிகளும் சிரைகளும் ஒன்றோடொன்று பின்னி மாலைபோல் வளையமிட்டிருந்தன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உருவாக்கிய விழிநோக்கியால், உயிருள்ள மனிதரின் ரத்தநாளத்தைக் கத்தியின்றி நேரில் காணும் ஒரே இடமாக விழித்திரை ஆகியிருந்தது. தகயாசு அந்த வாய்ப்பை முழுதாகப் பயன்படுத்தினார். ஆனால் இதை விழித்திரை நாளங்களின் நோயாகவே கொண்டார். நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி அவர் குறிப்பு ஏதும் தரவில்லை.

கூட்டத்தில் நடந்த விவாதம்தான் இந்த வரலாற்றின் உண்மையான தொடக்கம் என்பது என் கருத்து. ஓனிஷி, ககோஷிமா என்ற வேறு இரு கண் மருத்துவர்கள் தாங்களும் இத்தகைய விழித்திரையைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். அத்துடன், தங்கள் நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்றும் சொன்னார்கள். கண்ணுக்கும் கைக்கும் உள்ள உறவு அன்று முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லப்பட்டது. நோயின் பெயர் தகயாசுவுக்குப் போனது. அதை முழு உடலின் நோயாக நினைக்க வழிவிட்டவர்கள் மற்ற இருவர். மருத்துவ வரலாற்றில் பெயர் சூட்டல் பல நேரங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஓனிஷியும் ககோஷிமாவும் இன்னும் சற்று நினைவுகூரப்பட வேண்டியவர்கள்.

விழித்திரை ஏன் முதலில் காட்டிக்கொடுத்தது? கழுத்துத் தமனி சுருங்கும்போது கண்ணுக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் குறைகிறது. ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். மூளைக்குப் போகும் வழியில் கிளை பிரிந்து செல்லும் கண்தமனியின் கடைசிப் பாசனம் விழித்திரை. அங்கே சிரைகள் விரிகின்றன, நுண்நாளங்கள் புடைக்கின்றன, ரத்தம் குறுக்குவழி தேடித் தமனியும் சிரையும் நேரடியாக இணைகின்றன. தகயாசு கண்ட மாலை, நீண்ட காலப் பட்டினியின் இறுதி நிலை. இன்று இந்த முற்றிய தோற்றம் அரிதாகிவிட்டது. கண்ணில் மாலை தெரியும்வரை காத்திருப்பவர் நோயைக் காலம் கடந்தே கண்டுபிடிப்பார்.

அடுத்த முப்பதாண்டுகளில் ஜப்பானியக் கண் மருத்துவ இதழ்களில் ஒன்றிரண்டாக நோயாளிகள் சேர்ந்துகொண்டே வந்தனர். 1940இல் குனியோ ஓட்டா, 25 வயதில் இறந்த பெண் ஒருவரின் பிணக்கூறு ஆய்வை வெளியிட்டார். கழுத்துத் தமனிகளும் காறை எலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் தமனிகளும் இருபுறமும் அடைபட்டிருந்தன. நாளச் சுவரின் மூன்று அடுக்குகளிலும் அழற்சி இருந்தது. கண்ணில் தெரிந்ததற்கான காரணம் மார்புக்குள் இருக்கிறது என்பது அப்போது உறுதியானது.

ஐரோப்பாவில் இதே நோயை வேறு பெயர்களில் வேறு கோணங்களில் கண்டுகொண்டிருந்தார்கள். 1944இல் ஸ்பெயினில் மார்த்தொரெல், ஃபாப்ரே இருவரும் பெருந்தமனி வளைவிலிருந்து மேலே கிளம்பும் தமனிகள் அடைபடும் நோய்க்குறித் தொகுதியை விவரித்தார்கள். 1946இல் நார்வேயில் ஃப்ரோவிக் இரு கழுத்துத் தமனிகளும் அடைபட்ட நோயாளியைப் பதிவு செய்தார். உலகப் போர் நடந்த ஆண்டுகளில் டோக்கியோவின் இதழ் பார்சிலோனாவுக்குப் போய்ச் சேர வழியில்லை. ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டதை மேற்குலகில் படிப்போரும் அரிது. ஆகவே ஒரே நோய் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு மூன்று முறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தத் துண்டுகளைச் சேர்த்தவர்கள் டோக்கியோவின் கென்டாரோ ஷிமிசுவும் கெய்ஜி சானோவும். 1948இல் ஜப்பானிய மொழியிலும் 1951இல் ஆங்கிலத்திலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் நோய்க்கு 'நாடியற்ற நோய்' என்று பெயர் தந்தன. மூன்று அடையாளங்களை முன்வைத்தார்கள்: மணிக்கட்டில் நாடி இல்லாமை, விழித்திரை நாளங்களின் மாலைப் பின்னல், கழுத்துத் தமனியின் உணர்முனை சற்றுத் தொட்டாலே மயக்கம் வருமளவுக்கு மிகைத்திருப்பது. கண், கை, மூளை மூன்றும் ஒரே கட்டுரையில் அப்போதுதான் சந்தித்தன. 1953இல் அமெரிக்காவில் ராஸும் மக்யூசிக்கும் பெருந்தமனி வளைவு நோய்த்தொகுதிகளை விரிவாகத் தொகுத்தார்கள். 1954இல் காக்கமைஸும் ஓகுடாவும் தகயாசுவின் பெயரை ஆங்கில இலக்கியத்தில் நிலைநிறுத்தினார்கள். அதே ஆண்டு ஸ்வீடனின் ஆஸ்க்-உப்மார்க் ஜப்பானுக்கு வெளியே உள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

இனி பக்கவாதத்துக்கு வருவோம். மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்பவை நான்கு தமனிகள்: முன்புறம் இரு கழுத்துத் தமனிகள், பின்புறம் முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரு தமனிகள். பின்னவை சப்கிளேவியன் தமனியிலிருந்தே பிரிகின்றன. தகயாசு நோய் மிகுதியாகத் தாக்குவது இடப்பக்க சப்கிளேவியனை. ஆகவே கையின் நாடியை அடக்குகிற அதே அடைப்பு மூளையின் பின்பகுதிக்குப் போகும் வழியையும் நெரிக்கிறது. அழற்சி சுவரின் வெளியடுக்கில், சுவருக்கே உணவூட்டும் நுண்நாளங்கள் வழியாகத் தொடங்கி உள்நோக்கி நகர்கிறது. நடுவடுக்கின் மீள்நார்கள் சிதைகின்றன, உள்ளடுக்கு தடிக்கிறது, குழாயின் துவாரம் மெல்ல மெல்லக் குறுகுகிறது.

இந்த மெதுவான போக்குதான் நோயின் வஞ்சகமும் நோயாளியின் நல்வாய்ப்பும். மாதங்களும் ஆண்டுகளும் எடுத்துக்கொள்வதால் மாற்றுப் பாதைகள் வளர நேரம் கிடைக்கிறது. இரு கழுத்துத் தமனிகளும் மூடிய பிறகும் பக்கவாதம் வராமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மூளை பிழைப்பது ஒரு மெல்லிய சமநிலையில். அண்ணாந்து பார்க்கும்போது தலைசுற்றல், எழுந்து நிற்கும்போது கண் இருட்டல், துணி துவைக்கும்போதோ குடம் தூக்கும்போதோ கை ஓய்ந்துபோதல் எல்லாம் இந்தச் சமநிலை குலைகிற அறிகுறிகள். சப்கிளேவியன் தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தால், கை உழைக்கும் நேரத்தில் அதற்கு வேண்டிய ரத்தம் மூளைக்குப் போக வேண்டிய முதுகெலும்புத் தமனியிலிருந்து பின்னோக்கி இழுக்கப்படுகிறது. அம்மாதிரி நேரத்தில் மயங்கி விழும் இளம்பெண்ணுக்கு 'ரத்த சோகை', 'சத்துக் குறைவு', 'மனக்கவலை' என்று காரணம் சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊர்களில் வழக்கம். இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுக்குப் போகிற அந்தப் பெண்தான் சில மாதங்கள் கழித்துப் பக்கவாதத்தோடு திரும்பி வருகிறார் என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

ரத்த ஓட்டக் குறைவு ஒரு வழி. அழற்சியுற்ற பெருந்தமனிச் சுவரிலோ, அடைபட்ட கழுத்துத் தமனியின் முனையிலோ படிந்த ரத்தக்கட்டி நகர்ந்து மூளைக்குள் சிக்குவது இரண்டாவது வழி. மூன்றாவது நேர் எதிரானது: மூளைக்குள் ரத்தக்கசிவு. சிறுநீரகத் தமனி சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அந்த ஏற்றம் மறைந்தே இருந்துவிடக்கூடும். ஏனெனில் அழுத்தத்தை அளக்கும் கையின் தமனி ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது. கருவி 110 என்று காட்டும். பெருந்தமனிக்குள் 200 ஓடிக்கொண்டிருக்கும். இரு கைகளும் பாதிக்கப்பட்டவருக்குத் தொடையில் அளந்தால்தான் உண்மை தெரியும். சிகிச்சையிலும் இதே இக்கட்டு தொடர்கிறது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் குறுகிய தமனிகளுக்கு அப்பால் இருக்கும் மூளைப் பகுதி வறண்டுபோகும். இறக்காமல் விட்டால் இதயமும் சிறுநீரகமும் போகும்.

இந்திய ஆய்வுகள் இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகின்றன. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பி. கே. சென், 1968இல் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவர், 1960களின் தொடக்கத்திலேயே நோய்க்கூறியல் அறிஞர் சுமன் கினாரேயுடன் சேர்ந்து இந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1963இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் அவர்கள் எழுதிய கட்டுரை, பெருந்தமனியின் நடுப்பகுதி சுருங்கும் தோற்றத்தைப் பற்றியது. ஜப்பானில் நோய் வளைவையும் கழுத்தையும் தாக்கியது. பம்பாயில் வயிற்றையும் சிறுநீரகத் தமனியையும் தாக்கியது. பின்னாளில், 1997இல், ஜப்பானிய நோயாளிகள் 80 பேரையும் இந்திய நோயாளிகள் 102 பேரையும் ஒப்பிட்ட கூட்டாய்வு இந்த வேறுபாட்டை உறுதி செய்தது. இந்தியாவில் ஆண்களின் பங்கும் ஜப்பானைவிடக் கூடுதல். நம் நோயாளிகளிடம் நாடி இழப்பைவிட இளம் வயது ரத்த அழுத்தமே முன்னால் நிற்பதால், ஜப்பானியப் பாடநூலை வைத்து மட்டும் தேடினால் நோய் தப்பிவிடும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் சுப்ரமணியன், ஜாய், பாலகிருஷ்ணன் மூவரும் 88 நோயாளிகளின் போக்கை 1989இல் சர்க்குலேஷன் இதழில் வெளியிட்டார்கள். தென்னிந்திய மருத்துவர்களுக்கு இந்நோயின் முழு ஆயுட்காலத்தையும் காட்டிய முதன்மையான தொகுப்பாக அதைச் சொல்லலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டெபாசிஷ் தண்டா உள்ளிட்ட இந்திய மருத்துவர்கள் நோய் எவ்வளவு சூடாக எரிகிறது என்பதை அளக்கும் மதிப்பெண் முறை ஒன்றை வகுத்து 2013இல் வெளியிட்டனர். அதன் 44 கேள்விகளில் 33 ரத்தநாளங்களைப் பற்றியவை. விலையுயர்ந்த ஸ்கேன் இல்லாத இடத்திலும், நோயாளியைத் தொட்டும் கேட்டும் நிரப்பக்கூடிய படிவம் அது. இந்தியாவிலிருந்து உலகுக்குப் போன இந்தப் படிவத்தைத் தமிழ் வாசகர்கள் பெருமையோடு அறிந்துகொள்ள வேண்டும்.

காரணத்தைத் தேடிய பயணம் இன்னும் முடியவில்லை. இந்தியாவிலும் மெக்சிகோவிலும் நோயாளிகள் பலரிடம் காசநோயின் தடம் இருந்ததால் கிருமியின் மீது சந்தேகம் விழுந்தது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அந்தத் தடம் யாரிடமும் இருக்கும் என்ற மறுப்பும் கூடவே எழுந்தது. 1970களின் இறுதியில் ஜப்பானியர்கள் எச்.எல்.ஏ. பி52 என்ற மரபணு வகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். 2013இல் ஜப்பானிலும், துருக்கி-அமெரிக்கக் கூட்டிலும் தனித்தனியே நடந்த மரபணு ஆய்வுகள் அதை மீண்டும் உறுதிப்படுத்தியதோடு, அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.12பி மரபணுவையும் சுட்டின.

நோயை வரையறுப்பதிலும் இதே போராட்டம் நடந்தது. 1988இல் ஜப்பானிய மருத்துவர் இஷிகாவா வகுத்த அளவுகோலில் 40 வயதுக்கு மேற்படாமை கட்டாயம். 1990இல் அமெரிக்க ருமாட்டாலஜி கல்லூரி ஆறு அடையாளங்களைக் கொடுத்து மூன்று இருந்தால் போதும் என்றது: 40 வயதுக்குள் தொடக்கம், கைகால் ஓய்தல், கை நாடி மெலிவு, இரு கைகளின் அழுத்தத்தில் 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு, தமனியில் இரைச்சல், ஆஞ்சியோகிராம் மாற்றம். சண்டிகரின் பி. கே. சர்மா, வயதுக் கட்டாயம் இந்திய நோயாளிகளை விட்டுவிடுகிறது என்று கண்டு 1990களின் நடுவில் இஷிகாவாவின் அளவுகோலைத் திருத்தினார். 2022இல் வந்த அமெரிக்க-ஐரோப்பிய அளவுகோல் வயது வரம்பை 60 ஆக உயர்த்தியது. 1990இன் ஆறு அடையாளங்களில் ஐந்துக்கு ஸ்கேன் வேண்டாம் என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பதற்குப் பொறுமையும், விரலும், ஸ்டெதாஸ்கோப்பும், அழுத்தக் கருவியும் போதும்.

இருந்தும் நோய் தவறவிடப்படுகிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் 60 நோயாளிகளைப் பற்றி 1994இல் வெளிவந்த ஆய்வு இதற்குக் காரணம் சொல்கிறது. காய்ச்சல், உடல் மெலிவு போன்ற பொதுவான அறிகுறிகள் தொடக்கத்தில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. அழற்சியை அளக்கப் பயன்படும் ரத்தச் சிவப்பணு படியும் வேகம் நோய் எரியும் காலத்திலும் சிலரிடம் இயல்பாக இருந்தது. நோய் அடங்கிவிட்டதாகக் கருதி அறுவைக்கு அனுப்பப்பட்டவர்களின் தமனித் துண்டுகளில் 44 விழுக்காட்டில் அழற்சி தொடர்ந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் நம்புவோருக்கு இந்த எண்ணைவிடக் கடுமையான எச்சரிக்கை இருக்க முடியாது.

தாள் காட்டாததைப் படம் காட்டலாம். எகாஸ் மொனிஸ் 1927இல் லிஸ்பனில் மூளை ஆஞ்சியோகிராமைத் தொடங்கி வைத்தார். 1953இல் செல்டிங்கர் காட்டிய எளிய வழி பெருந்தமனியையும் எட்ட வைத்தது. ஆஞ்சியோகிராம் துவாரத்தின் குறுகலைக் காட்டுமே தவிரச் சுவரின் தடிப்பைக் காட்டாது. கழுத்து அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்., அழற்சியின் சூட்டையே படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆகியவை சுவரையே காண வைத்தன. துவாரம் குறுகும் முன்பே, அதாவது பக்கவாதத்துக்கு முன்பே, நோயைப் பிடிக்க இன்று வழி இருக்கிறது.

சிகிச்சையின் அடித்தளம் 1950களிலிருந்து ஸ்டீராய்டுதான். அதைக் குறைத்ததும் நோய் மீண்டும் தலைதூக்குவதால் மெத்தோட்ரெக்சேட், அசாதயோப்ரின், மைக்கோபீனோலேட் ஆகியவை துணைக்கு வந்தன. 2004இல் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் முயலப்பட்டன. டோசிலிசுமாப் மருந்தை 36 பேரிடம் சோதித்த ஜப்பானிய ஆய்வு, நோய் திரும்புவது தள்ளிப்போவதாகக் காட்டினாலும் புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. எனினும் ஜப்பான் 2017இல் அம்மருந்தை ஏற்றது. அரிய நோய்க்கு நூற்றுக்கணக்கானோரைத் திரட்டுவது கடினம் என்பதால் அந்த முடிவு சரியானதே என்று நினைக்கிறேன். அடைப்பை பலூனாலோ மாற்றுக்குழாயாலோ திறப்பதற்குக் காலம் பார்க்க வேண்டும். அழற்சி எரியும்போது செய்தால் நாளம் மறுபடி மூடிக்கொள்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்த மூளைக்குத் திடீரென முழு அழுத்தத்தில் ரத்தத்தைத் திறந்துவிட்டால் அதுவே கசிவை உண்டாக்கவும் கூடும்.

எனவே ஒரு வேண்டுகோளை மருத்துவர்களிடமும், நோயாளியை அழைத்துவரும் குடும்பத்தாரிடமும் வைக்கிறேன். ஐம்பது வயதுக்குட்பட்ட யாருக்குப் பக்கவாதம் வந்தாலும், காரணம் தெரியாமல் ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலும், இரு மணிக்கட்டுகளிலும் நாடி பாருங்கள். இரு கைகளிலும் அழுத்தத்தை அளந்து இரண்டு எண்களையும் சீட்டில் எழுதுங்கள். வேறுபாடு 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் காலிலும் அளந்து, கழுத்துத் தமனியிலும் காறை எலும்புக்கு மேலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். மருத்துவர் ஒரு கையில் மட்டும் அளந்தால், மறு கையையும் நீட்டுங்கள்.